சுருதி தவறாத அலை: அமெச்சூர் வானொலியில் அதிர்வெண் கட்டுப்பட்ட வரலாறு



அமெச்சூர் வானொலி என்றும் ஹாம் வானொலி என்றும் அழைக்கப்படும் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. எழுதப்பட்டவையும் பெரும்பாலும் பேரிடர்க் காலத்தில் அது ஆற்றிய தொண்டைப் பற்றியவையே. அத்தொண்டு போற்றத்தக்கது. ஆயினும், அதற்கு அடியில் ஓர் அமைதியான வரலாறு உண்டு. தன் வீட்டு மேசையிலிருந்து ஒருவர் காற்றில் ஏற்றும் அலை, அவர் நினைத்த இடத்தில்தான் நிற்கிறதா, நின்ற இடத்திலேயே நிலைக்கிறதா என்னும் இரு கேள்விகளின் வரலாறு அது. ஏறத்தாழ நூறாண்டு நீண்ட அவ்வரலாற்றின் முதற்பக்கங்களுள் ஒன்று நம் ஜொகூரில் எழுதப்பட்டது என்பதால், இக்கட்டுரையை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிலைப்பு வேறு, துல்லியம் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் வீடுகள் பலவற்றில் சுவர்க்கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னதாக வைத்திருப்பார்கள். அக்கடிகாரம் ஆண்டு முழுவதும் அதே ஐந்து நிமிடம் முந்தியே ஓடினால், அது நிலைப்பு உடையது; ஆனால் துல்லியம் அற்றது. இன்னொரு கடிகாரம் காலையில் இரண்டு நிமிடம் முந்தியும் மாலையில் இரண்டு நிமிடம் பிந்தியும் ஓடினால், சராசரியில் அது சரியான நேரத்தையே காட்டும். ஆயினும் அதை நம்பிப் பேருந்து பிடிக்க இயலாது.

இவ்விரண்டுக்கும் இடையே ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அனைத்தும் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, 1982 ஜனவரி முதல் நாள் நள்ளிரவு 12 மணி ஆக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரம் ஒன்றாக வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. அந்த இரவில் எந்தக் கடிகாரத்தின் உள்ளிருந்த சக்கரமும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. அவற்றின் நிலைப்பு முன்பிருந்தபடியே இருந்தது. ஆனால் முள்ளைத் திருப்பாத கடிகாரம் எல்லாம் ஒரே கணத்தில் அரைமணி பிழையுடையது ஆயிற்று. நிலைப்பு என்பது கருவியின் குணம். துல்லியம் என்பது அக்கருவிக்கும் ஊர் ஒப்புக்கொண்ட அளவுகோலுக்கும் இடையிலுள்ள உறவு. வானொலியிலும் இதுவே நிலை.

ஜொகூரின் 300 மீட்டர்

மலேசிய வானொலியின் அதிகாரபூர்வ வரலாறு 1921ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ.எல். பர்ச் என்பவர் அவ்வாண்டு முதல் வானொலிப் பெட்டியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். இதைப் பின்பற்றிப் பினாங்கிலும் ஒரு சங்கம் தோன்றியது. கோலாலம்பூரில் அமைந்த மலாயா கம்பியில்லாத் தந்திச் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டரில் ஒலிபரப்பியது. அரசாங்க வானொலி நிலையம் உருவாவதற்கு முன்னரே, ஆர்வலர்கள் கூடி நடத்திய முயற்சிகள் இவை.

அக்காலத்தில் அதிர்வெண்ணைச் சொல்வதில்லை, அலைநீளத்தையே சொல்வார்கள். 300 மீட்டர் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,000 கிலோஹெர்ட்ஸ். 325 மீட்டர் ஏறத்தாழ 923 கிலோஹெர்ட்ஸ். அலைநீளத்தை அளப்பதற்கு இருந்த கருவி, ஒரு கம்பிச்சுருளும் சுழற்றத்தக்க மின்தேக்கியும் சேர்ந்த அலைமானி. அதன் குமிழைத் திருப்பும்போது எந்த இடத்தில் சிறு விளக்கு மிகப் பிரகாசமாக எரிகிறதோ, அல்லது முள் மிக உயர்கிறதோ, அங்கே உள்ள அளவைப் படித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் படித்ததில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை இருந்ததாக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோஹெர்ட்ஸில் அது 10 கிலோஹெர்ட்ஸ். இன்று நம் வட்டாரத்தில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பிழை ஒன்றே இன்று ஒரு நிலையத்தை அடுத்த வீட்டுக்குள் தள்ளிவிடப் போதுமானது.

ஆனால் அக்காலத்தில் அது குறையாக எவருக்கும் தோன்றியிருக்காது. ஏனெனில், அடுத்த வீடே இல்லை. ஜொகூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 77 கிலோஹெர்ட்ஸ் வெற்றிடம் கிடந்தது. அண்டை வீட்டார் இல்லாத ஊரில் வேலியின் அளவு எவருக்கும் பொருட்டன்று. துல்லியம் ஒரு தேவையாவது, அண்டை வீட்டார் வந்த பிறகுதான்.

சென்னையும் கொழும்பும்

அதே ஆண்டுகளில் தமிழர் வாழும் பிற ஊர்களிலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித்துறைப் பொறியாளர் 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஒலிபரப்பி அது. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடங்கியது.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் கழகம் நின்றுபோக, ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி அதைக் கொண்டு ஒலிபரப்பு நடத்தியது. ஜொகூர், கொழும்பு, சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் கருவியை முதலில் கையில் எடுத்தவர்கள் பொறியாளர்களும் ஆர்வலர்களுமே என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் நழுவுகிறது?

ஒலிபரப்பியின் இதயம் அலைவியற்றி. கம்பிச்சுருளுக்கும் மின்தேக்கிக்கும் இடையே மின்னாற்றல் முன்னும் பின்னும் ஊசலாடுவதால் அலை பிறக்கிறது. அந்த ஊசலின் வேகம் சுருளின் அளவையும் தேக்கியின் அளவையும் பெருக்கி வருவதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆகவே அப்பெருக்குத்தொகை ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், அதிர்வெண் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறையும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 3.5 கிலோஹெர்ட்ஸ். இன்றைய ஒருபக்கப்பட்டைப் பேச்சு ஒன்று எடுத்துக்கொள்ளும் அகலம் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றமே ஒருவரை முழுதாக அடுத்தவர் இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அந்த மாற்றத்தை உண்டாக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. வால்வு சூடேறினால் அதன் அருகிலுள்ள செம்புக்கம்பி விரியும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் வால்வின் உட்தேக்கம் மாறும். கையை அருகில் கொண்டுபோனாலே அலை அசையும். தொடக்ககால ஒலிபரப்பிகளில் அலைவியற்றியே நேராக அலைவாங்கிக் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. அதனால் வெளியே காற்றடித்துக் கம்பி ஆடும்போது, உள்ளே அதிர்வெண்ணும் சேர்ந்து ஆடியது! நம் ஊரைப் போல் நண்பகலில் வெயில் கொளுத்தி, மாலையில் மழை கொட்டிச் சட்டெனக் குளிரும் இடங்களில் இச்சிக்கல் இன்னும் கூடுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நழுவலைக் கண்டறிய அமெச்சூர்கள் பயன்படுத்திய முறை, நம் இசையரங்குகளில் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும் முறையேதான். இரண்டு தந்திகளின் ஒலி சற்றே வேறுபட்டால், அவை சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு ஏற்ற இறக்கம் கேட்கும். வேறுபாடு நொடிக்கு ஐந்து அதிர்வானால், ஏற்ற இறக்கமும் நொடிக்கு ஐந்து. முடுக்கைத் திருப்பத் திருப்ப அது மெதுவாகி, முற்றும் நின்றுபோகும் இடமே சுருதி சேர்ந்த இடம். தெரிந்த அலை ஒன்றையும் தெரியாத அலை ஒன்றையும் வானொலிப் பெட்டியில் கலந்து, கேட்கும் ஊளை கீழிறங்கி அடங்கும் வரை திருப்புவதை அமெச்சூர்கள் இன்றும் செய்கிறார்கள். தந்தி தளராமல் இருப்பது நிலைப்பு. எல்லாருக்கும் பொதுவான கட்டையில் நிற்பது துல்லியம்.

மில் ஹில் பள்ளி மாணவன்

1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே ஒதுக்கிவிட்டது. அக்காலத்தில் எவருக்கும் வேண்டாத பகுதி அது. வேண்டாத இடத்தில் குடியேற்றப்பட்டவர்களே அதன் வளத்தைக் கண்டுபிடித்தார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் லெயோன் டெலுவா, அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோர் ஏறத்தாழ 110 மீட்டரில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இருவழியாக உரையாடினர். 1924 அக்டோபர் 18ஆம் நாள் இலண்டனின் மில் ஹில் பள்ளியிலிருந்து சிசில் கோய்டர் என்னும் இளைஞர், நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லோடு தொடர்பு கொண்டார். பூமியின் மறுபக்கத்தோடு நடந்த அந்த உரையாடலில் இங்கிலாந்தின் தரப்பில் இருந்தது ஒரு பள்ளிக்கூட நிலையம் என்பது, ஆசிரியராகிய எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

அந்த மாணவர் பின்னர் நம் வரலாற்றுக்குள் வருகிறார். 1936இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்று இந்தியா வந்த சி.டபிள்யூ. கோய்டர் அவரேதான். 1938 ஜூன் 16ஆம் நாள் சென்னை நிலையமும், 1939 மே 16ஆம் நாள் திருச்சி நிலையமும் தொடங்கப்பட்டபோது அகில இந்திய வானொலியின் பொறியியல் பொறுப்பு அவர் கையில் இருந்தது.

சிற்றலைக்கு வந்ததும் துல்லியத்தின் கணக்கு மாறிற்று. அதே நூற்றுக்கு ஒரு பங்குப் பிழை 300 மீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ். 40 மீட்டரில் 75 கிலோஹெர்ட்ஸ். விகிதம் ஒன்றே ஆயினும் இழப்பு ஏழரை மடங்கு. அதோடு, ஜொகூரில் ஏற்றிய அலை இப்போது ஜொகூரோடு நிற்கவில்லை. உலகம் முழுவதுமே அண்டை வீடு ஆயிற்று.

1927: வேலி போடப்பட்டது

1927 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு, வானலைகளைப் பணிவாரியாகப் பங்கிட்டது. அமெச்சூர்களின் நன்மைக்குப் பரிந்துபேசும் அரசுகள் அங்கே மிகச் சிலவே. முடிவில் அவர்களுக்குச் சில பட்டைகள் உறுதியாகக் கிடைத்தன. ஆனால் அவை குறுகியவை. அமெரிக்க அமெச்சூர்கள் அதுவரை 7,000 முதல் 8,000 கிலோஹெர்ட்ஸ் வரை புழங்கி வந்தனர். அது 7,000 முதல் 7,300 ஆகச் சுருங்கிற்று. 14,000 முதல் 16,000 வரை இருந்தது 14,000 முதல் 14,400 ஆயிற்று. அதாவது முன்னிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. புதிய ஏற்பாடு 1929 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் இந்த வரலாற்றின் திருப்பம் உள்ளது. பட்டையின் எல்லையைத் தாண்டி அலை நழுவினால், அது கடல்வழிப் போக்குவரத்திலோ அரசாங்கத் தந்தியிலோ போய் விழும். விழுந்தால் உரிமம் போகும். ஒருவர் தவறினால் எல்லாருடைய உரிமையும் கேள்விக்குள்ளாகும். ஆகவே, எல்லைக்குள் நிற்கத் தெரிந்தவர் என்று தங்களை மெய்ப்பிப்பது அமெச்சூர் சமூகத்துக்கு வாழ்வா சாவா என்னும் சிக்கலாயிற்று.

அவர்கள் கண்ட வழிகள் எளியவை, ஆனால் நுட்பமானவை. அலைவியற்றியில் சுருளைச் சிறிதாக்கித் தேக்கியைப் பெரிதாக்கினர். அப்போது வால்வின் உட்தேக்கத்தில் ஏற்படும் சிறு மாற்றம் பெரிய தேக்கத்தின் முன் பொருட்படுத்தத்தக்கதாக இல்லாமல் போகும். அலைவியற்றியைத் தனியே சிறு ஆற்றலில் இயக்கி, அடுத்த கட்டத்தில் பெருக்கி, அதன்பின் அலைவாங்கிக்கு அனுப்பினர்; காற்றில் ஆடும் கம்பியின் ஆட்டம் உள்ளே வராமல் அது தடுத்தது. தகரப்பெட்டிக்குள் அடைத்தனர், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தினர், பேசத் தொடங்குமுன் கருவியைச் சூடேற விட்டனர். இவற்றில் பல இன்றும் கையால் கருவி செய்வோர் பின்பற்றும் விதிகள்.

கால் மில்லிமீட்டர்ப் படிகம்

மிகப் பெரிய தீர்வு நிலத்துக்கடியிலிருந்து வந்தது. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும் என்பது அதன் மறுபக்கம். அந்த அதிர்வைக் கொண்டு அதிர்வெண்ணை நிலைநிறுத்தலாம் என்று 1920களின் தொடக்கத்தில் வால்டர் கேடி காட்டினார். 1923இல் அவர் தம் படிகங்களை ஐரோப்பாவுக்கு எடுத்துச்சென்று, இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் அதிர்வெண் அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்தார். சட்டைப்பையில் அடங்கும் கல்துண்டு ஒன்று நாடுகளின் அளவுகோல்களுக்கு நடுவராயிற்று. அதே காலத்தில் ஜி.டபிள்யூ. பியர்ஸ் ஒரே வால்வில் இயங்கும் எளிய படிகச் சுற்றை வகுத்தார்.

அமெச்சூர்கள் இதை உடனே பற்றிக்கொண்டனர். படிகத்தகடு மெலிய மெலிய அதிர்வெண் உயரும். பின்னாளில் பரவலான ஏ.டி. வெட்டுப் படிகம் 7 மெகாஹெர்ட்ஸில் அதிர, அதன் தடிமன் கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் உரத்தூளும் நீரும் இட்டு, விரலால் தகட்டை அழுத்தி எட்டு வடிவில் தேய்ப்பார்கள். நடுநடுவே சுற்றில் இட்டுப் பார்ப்பார்கள். ஒரு சில தேய்ப்பு மிகுந்துவிட்டால் அதிர்வெண் வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும்; தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. சிறு அளவு தாண்டியிருந்தால், தகட்டின் மேல் பென்சிலால் கீறி, அந்தக் கரியின் எடையால் சற்றே கீழிறக்குவார்கள்.

தொடக்கப் படிகங்கள் வெப்பத்துக்கு எளிதில் அசைந்தன. 1934இல் பெல் ஆய்வகத்தினர் ஏ.டி. வெட்டைக் கண்டறிந்த பிறகே அறை வெப்பத்தில் ஏறத்தாழ அசையாத படிகம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் படிகங்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆலையில் சரியாக இருந்த படிகங்கள் சில மாதங்களில் தாமாகவே அதிர்வெண் மாறின, சில செயலிழந்தன. தேய்க்கும்போது மேற்பரப்பில் ஏற்பட்ட நுண்சிதைவு மெல்லமெல்ல உதிர்வதே காரணம் என்று தெரிந்தது. கடைசி மெலிவைத் தேய்த்துச் செய்யாமல் அமிலத்தில் அரித்துச் செய்த பிறகு அக்குறை நீங்கிற்று.

42.34 மீட்டர்

1939இல் போர் மூண்டதும் பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. ஆயினும் 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தபோது, பம்பாயில் மறைவான ஒலிபரப்பு ஒன்று தொடங்கிற்று. உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி அது. ஒலிபரப்பியை அமைத்தவர் முன்னாள் அமெச்சூரான நரிமன் பிரிண்டர்.

அந்த நிலையம் தன்னை 42.34 மீட்டரில் ஒலிப்பதாக அறிவித்தது. கணக்கிட்டால் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ், அமெச்சூர்களின் 40 மீட்டர்ப் பட்டைக்குள்ளேயே வருகிறது. இரண்டு தசம இடங்களை நோக்குங்கள். 0.01 மீட்டர் என்பது அங்கே 1.7 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு நுட்பமானது. ஏன் இந்த நுட்பம் வேண்டும்? ஊர் பெயர் சொல்ல இயலாத, இடம் மாறிக்கொண்டே இருந்த ஒரு நிலையத்துக்கு, அந்த எண் ஒன்றே முகவரி. அலை நழுவினால் கேட்பவர்கள் தொலைந்துபோவார்கள். ஆனால் அதே முகவரியில்தான் காவல்துறையின் திசைகாட்டிக் கருவிகளும் காத்திருந்தன. நிலைத்து நிற்பது தோழர்க்கும் பகைவர்க்கும் ஒருசேர வழிகாட்டியது. 1942 நவம்பர் 12ஆம் நாள் உஷா மேத்தா கைதானார். துல்லியம் என்பது வெறும் பொறியியல் சொல் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அளவுகோலைத் தேடி

போர் முடிந்தபின் படைகளின் மிச்சப் பொருள்கள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பி.சி.-221 என்னும் அமெரிக்கப் படையின் அதிர்வெண்மானி புகழ்பெற்றது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அளந்து தயாரித்த அட்டவணை நூல் ஒன்று அதனுடன் இணைந்திருக்கும். நூலைத் தொலைத்தால் கருவி பயனற்றது. கருவிக்கு உள்ளே 1,000 கிலோஹெர்ட்ஸ் படிகம் ஒன்று உண்டு; அளக்கும் முன் அதனோடு சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படிகமே சரிதானா என்று எப்படி அறிவது? அதற்காகவே நாடுகள் நியம அதிர்வெண் நிலையங்களை நடத்தின. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. 1923இலிருந்து இப்பணியைச் செய்துவருகிறது. ஹவாயிலுள்ள டபிள்யூ.டபிள்யூ.வி.எச். 1948இல் தொடங்கி இன்றும் 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்திய ஏ.டி.ஏ. நிலையம் தமிழ்நாட்டு அமெச்சூர்களுக்குப் பழக்கமானது, அது நின்றுவிட்டது. ஜப்பானின் ஜே.ஜே.ஒய். சிற்றலைச் சேவை 2001இலும், ஆஸ்திரேலியாவின் வி.என்.ஜி. 2002இலும் நின்றன. 2018இல் அமெரிக்க நிலையங்களையும் மூடும் திட்டம் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. அமெச்சூர்கள் உள்ளிட்ட பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர், நிலையங்கள் பிழைத்துக்கொண்டன.

இத்தகைய அலையும் வழியில் சற்றுக் கெடும். அயனிமண்டலம் ஏறி இறங்கும்போது வந்துசேரும் அதிர்வெண் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அசையக்கூடும். 10 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு ஹெர்ட்ஸ். ஆயினும் வீட்டுக் கருவிக்கு அதுவே போதும்.

திரையில் தெரியும் எண்

1950களில் ஒருபக்கப்பட்டைப் பேச்சு பரவியதும் துல்லியம் காதுக்கே தெரியத் தொடங்கியது. நூறு ஹெர்ட்ஸ் தவறினாலும் பேசுபவரின் குரல் இயல்பு கெட்டுக் கரகரப்பாக ஒலிக்கும். 1970களில் டச்சு அமெச்சூரான கிளாஸ் ஸ்பார்கரென், நழுவும் அலைவியற்றியைப் படிகம் ஒன்றோடு அடிக்கடி ஒப்பிட்டு, நழுவியதை உடனுக்குடன் திரும்பத் தள்ளும் சுற்று ஒன்றை வகுத்தார். பிறகு தொகுப்பு முறை வந்தது. ஒரே படிகத்திலிருந்து எல்லா அதிர்வெண்களையும் உருவாக்கி, எண்ணைத் திரையில் காட்டும் கருவிகள் வீடுதோறும் நுழைந்தன.

இங்கே ஒரு மயக்கம் புகுந்தது. திரையில் 28,074,000 ஹெர்ட்ஸ் என்று எட்டு இலக்கம் தெரிகிறது. ஆனால் உள்ளிருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 2.5 பங்கு பிழையுடையதானால், உண்மை அதிலிருந்து 70 ஹெர்ட்ஸ் வரை விலகியிருக்கலாம். இலக்கங்கள் மிகுதியாக இருப்பது நுண்மை. அது துல்லியம் ஆகாது. மாணவன் ஒருவனின் தமிழறிவை 78.33 என்று இரண்டு தசம இடத்தில் எழுதிவிட்டால் அவனை நன்றாக அறிந்துகொண்டோம் என்று பொருளில்லை அல்லவா? ஆசிரியர்களாகிய நாமும் அடிக்கடி இம்மயக்கத்துக்கு ஆளாகிறோம்.

2008இல் ஜோ டெய்லர் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறை, நிலைப்பையும் துல்லியத்தையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏறத்தாழ 111 நொடி நீளும் அதன் ஒலி, 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குகிறது. நான்கு சுரங்களுக்கு இடையிலான தொலைவு 1.46 ஹெர்ட்ஸ் மட்டுமே. அந்த ஒலி 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைக்குள் எங்கே விழுந்தாலும் கணினி கண்டுகொள்ளும். 14 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு பிழையையும் அது பொறுக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் சில ஹெர்ட்ஸ் நழுவினாலும் செய்தி சிதைந்துபோகும். எங்கே நிற்கிறாய் என்பதை அது அவ்வளவாகக் கேட்பதில்லை. நின்ற இடத்தில் நில் என்கிறது. நின்றால், ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலும் பல்லாயிரம் கிலோமீட்டர் செல்லும்.

துல்லியத்துக்கு இன்று வானத்தையே நோக்குகிறோம். ஜி.பி.எஸ். துணைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் உள்ளன. அவற்றிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு நம் மேசைக்கு வருகிறது. ஆனால் அத்துடிப்பு ஒவ்வொரு நொடியிலும் சற்றே நடுங்கும். வீட்டிலுள்ள படிகமோ அந்தச் சிறு பொழுதில் நடுங்காது, நாள்கணக்கில்தான் நழுவும். ஆகவே இரண்டையும் பிணைத்து, குறுகிய காலத்துக்குப் படிகத்தையும் நீண்ட காலத்துக்குத் துணைக்கோளையும் நம்பும் கருவிகளைச் செய்கிறார்கள். நிலைப்பு நம் கையில் உள்ளது. துல்லியம் ஊரோடு ஒத்துப்போவதால் வருவது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்த ஒழுங்குக்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உலகெங்கும் 18 அமெச்சூர் கலங்கரை நிலையங்கள் 14,100 கிலோஹெர்ட்ஸில் முறைவைத்து ஒலிக்குமாறு ஓர் ஏற்பாடு உள்ளது. ஒன்றுக்குப் பத்து நொடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. அதில் 4எஸ்7பி என்னும் அழைப்புக்குறியோடு கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. பதினெட்டு பேர் ஒரே அதிர்வெண்ணில் ஒருவரையொருவர் இடிக்காமல் பேச முடிவது, ஒவ்வொருவரும் தம் முறையையும் தம் இடத்தையும் அறிந்திருப்பதால்தான்.

நீரிணைக்கு இப்பால்

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெரியும். அலைக்குக் குடிநுழைவுச் சாவடி கிடையாது. நம் வட்டாரமாகிய தெப்ராவில் பிபிசியின் கீழ்த்திசை அஞ்சல் நிலையம் இயங்கிவந்தது. 1979இல் அது எதிர்க்கரையிலுள்ள கிராஞ்சிக்கு மாறியது. 2023இல் அதுவும் ஓய்ந்தது. பர்ச் ஒலிபரப்பிய காலத்தில் ஆளில்லாத வெளியாக இருந்த இவ்வானம், நூறாண்டுக்குள் கைப்பேசிகளும் கப்பல்களும் விமானங்களும் நெருங்கி வாழும் குடியிருப்பாகிவிட்டது.

இந்த நெரிசலில் அமெச்சூர்களுக்கு இன்னும் இடம் இருப்பது இரக்கத்தால் அன்று. 1927இல் சுருங்கிய வேலிக்குள் நிற்கக் கற்றுக்கொண்டதால் அவர்கள் பெற்ற மதிப்பு அது. 1952இல் தோன்றிய நம் நாட்டு அமெச்சூர் ஒலிபரப்பாளர் சங்கமும் அந்த மரபின் தொடர்ச்சியே. உரிமை கேட்பவன் முதலில் தன் எல்லையை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு சொல்கிறது. அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயம் இல்லை. பழைய சிற்றலைப் பெட்டி ஒன்றில் இரவு 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பி, நொடிகள் துடிப்பதைக் கேட்டு, உங்கள் கருவியை அதனோடு சுருதி சேர்த்துப் பாருங்கள். ஊளை இறங்கி இறங்கி அடங்கும் அந்தக் கணத்தில், நூறாண்டுக்கால உழைப்பு உங்கள் காதில் கேட்கும்.